பதினொரு சிபியூ, ஏழு டப்பா மானிட்டர்: சிம்மக்கல் மாடிக் கடையில் கொடுத்த அனுபவம்

திருமங்கலத்தில் இருபத்திரண்டு வருடம் நடத்திய தட்டச்சு, கம்ப்யூட்டர் சென்டரை 2025 ஏப்ரல் கடைசியில் மூடினேன். டைப்ரைட்டர்கள் பதினாறும் இரண்டே நாளில் போய்விட்டன. உசிலம்பட்டியில் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர் வண்டியோடு வந்து, ரிப்பன் ஸ்பூல் முதற்கொண்டு எண்ணி எடுத்துப் போனார். அதில் சில ஃபேசிட் மெஷின்களுக்குக் கிட்டத்தட்ட என் வயது. லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அவை இன்னும் வேண்டியிருக்கின்றன. கம்ப்யூட்டர்களைத்தான் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பதினொரு சிபியூ, எட்டு டப்பா மானிட்டர் (பின்பக்கம் புடைத்த பழைய குழாய் மானிட்டர்), நான்கு எல்சிடி மானிட்டர், இரண்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒன்பது சின்ன யூபிஎஸ், ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி. அப்புறம் இரண்டு சாக்கு நிறைய கேபிளும் கீபோர்டும் மவுஸும். இவற்றை எங்கே கொடுப்பது என்று ஒரு மாதம் அலைந்து, கடைசியில் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிக் கடையில் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து, தேறுவதைச் சரி செய்து, தேறாததை முறையாக அனுப்பி வைக்கிற கடை. கடையின் பெயரை நான் எழுதவில்லை. இரண்டே பேர் வேலை பார்க்கிற இடம். வருகிற சரக்கையே சமாளிக்க முடியவில்லை, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு கடைக்குப் போனால் என்ன கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் எங்கள் தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது அதே வேலைக்கு ஸ்பீக்கர் கட்டிய வண்டி வருகிறது. "பழைய டிவி, பழைய கம்ப்யூட்டர்" என்று பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி வந்த ஒருவரை நிறுத்திக் காட்டினேன். மொத்தத்தையும் லாட்டாக எடுத்துக்கொண்டு 3,200 ரூபாய் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று, உயிரே இல்லாத ஒரு டப்பா மானிட்டரை மட்டும் முதலில் கொடுத்தேன். அவர் அதை எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போய், பின்பக்கத்து பிளாஸ்டிக்கைப் பெயர்த்து, குழாயின் கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இறங்கிய சத்தம் கேட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த செம்புக் கம்பிச் சுருளை உருவி எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பக்கத்துக் காலி மனையில் எறிந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, கண்ணாடியையும் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"அதுல காசு கெடையாதுக்கா" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. செம்புக்கு விலை இருக்கிறது, கண்ணாடிக்கு இல்லை. அவருடைய பிழைப்பு அது. ஆனால் அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. டப்பா மானிட்டருக்குள் உண்டாகிற எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க, குழாயின் பின்பக்கப் புனல் பகுதியில் ஈயம் கலந்திருப்பார்கள். ஒரு மானிட்டரில் கிலோ கணக்கில் ஈயம் இருக்கும். பார்க்கிற பக்கத்தின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடியும் மூச்சில் போகக் கூடாதது. அந்த மனையில் ஆடு மேய்கிறது, சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும் என்று படித்திருக்கிறேன். மறுநாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட சில்லையெல்லாம் ஒரு பெயின்ட் வாளியில் பொறுக்கினேன். அந்த வாளியும் பின்னால் சிம்மக்கல் கடைக்குத்தான் போனது. எட்டு மானிட்டர் ஏழானது இப்படித்தான்.

கேபிள்களை என்ன செய்வீர்கள் என்றும் அந்த ஆளிடம் கேட்டிருந்தேன். கண்மாய்க்கரையில் போட்டு எரித்தால் செம்பு மட்டும் நிற்கும் என்றார். கேபிளின் மேல்தோல் பிவிசி. அதைத் திறந்த வெளியில் எரித்தால் வருகிற புகையில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கும். அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேய்கிற மாட்டின் பால் வரைக்கும் வரும். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கருகிய வட்டம் வட்டமாகத் தெரிகிற இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனை வருடம் ஏதோ குப்பை எரித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாக, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். செக்கானூரணிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை எனக்குத் தெரிந்தவர். போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஓடாத கம்ப்யூட்டரே ஒரு ரூம் நெறையா கெடக்கு. இருப்புப் பதிவேட்டுல ஏத்திட்டா, ஒடஞ்சாலும் எங்களால வெளிய போட முடியாது. கழிவு பண்ண உத்தரவு வாங்கணும்." எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. என் கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பாரத்தை அவர் பள்ளிக்கு மாற்றி வைத்துவிட்டு, தானம் செய்தேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் நேராகச் சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டுக்கே வந்து எடுக்கும் ஒரு சேவையையும் போனில் பதிவு செய்து பார்த்தேன். வந்த பையன்கள் லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் டப்பா மானிட்டரை எடுக்க மாட்டோம் என்று போய்விட்டார்கள்.

சிம்மக்கல் கடையைச் சொன்னது என் பழைய மாணவி ஒருத்தி. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டவுன்ஹால் ரோட்டில் சர்வீஸ் கடைகளில் வேலை பார்த்தவர். உதவிக்கு ஒரு பெண். போர்டில் சால்டரிங் செய்வதில் அவ்வளவு நறுவிசான கை. அழகர் ஆற்றில் இறங்கிய மறு வாரம் போனேன். அதற்கு முந்தைய வாரம் குட்டியானை லோடு வண்டியும் கிடைக்கவில்லை, ஊருக்குள் வண்டியும் நுழைய முடியவில்லை.

நான் கொண்டு போனதை வாங்கி வைப்பதற்கு முன்னால் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், ஹார்டு டிஸ்க்ல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிட்டேன் என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு டிஸ்க்கைக் கழற்றி, தன் மெஷினில் மாட்டி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டார். 2019-இல் ஃபார்மேட் செய்து ஒதுக்கி வைத்த டிஸ்க் அது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் வரிசையாக வந்து நிற்கிறது: காதணி விழாப் பத்திரிகைகள், ஜாதகக் குறிப்புகள், ஒரு பையனின் மதிப்பெண் சான்றிதழ், எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அம்மாவின் ஆதார் அட்டை, அவர் கணவரின் இறப்புச் சான்றிதழ். இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்தது நான்தான். என்னை நம்பி நீட்டிய காகிதங்கள். 3,200 ரூபாய்க்கு அந்த வண்டியில் ஏற்றியிருந்தால் இவ்வளவும் சேர்ந்து போயிருக்கும். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

வழக்கமாக நாம் செய்யும் குயிக் ஃபார்மேட், பதிவேட்டின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல என்று அவர் விளக்கினார். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். டிஸ்க்கின் ஆரம்பம் முதல் கடைசி வரை சுழியத்தால் ஒரு முறை மேலெழுதினால்தான் அழியும். சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு முறை முழுதாக எழுதினாலே போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்று சொல்கிறவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். சுழலும் தட்டே இல்லாத புது வகை எஸ்எஸ்டி என்றால் வழி வேறு. அதற்கென்று இருக்கும் அழிப்புக் கட்டளையை அதற்கே கொடுக்க வேண்டும். பென்டிரைவில் என்வைப் என்ற மென்பொருளை வைத்து, நான்கு நான்கு டிஸ்க்காக அழித்தார். 80 ஜிபி டிஸ்க் அரை மணிக்கு மேல், 500 ஜிபி இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நான் இரண்டு நாளும் கூடவே உட்கார்ந்திருந்தேன். போய்விட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் நோட்டில் எழுதி, எதிரே தேதியும் நேரமும் போட்டு, என் கையெழுத்தும் வாங்கினார். சுழலவே சுழலாத இரண்டு டிஸ்க்குகளை மேலெழுத முடியாது. அவற்றை என் கண் முன்னால் டிரில்லிங் மெஷினில் தட்டோடு சேர்த்து மூன்று மூன்று ஓட்டை போட்டார்.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. மெஷினை மாற்றிக் கொடுக்கும்போது அதையும் கேளுங்கள்.

டிஸ்க் வேலை முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தார். பதினொரு சிபியூவில் ஐந்து, ரொம்பப் பழைய பென்டியம் 4 புராசஸர் உள்ளவை. "இதை உயிர்ப்பிக்க வேணாம் டீச்சர்" என்றார். டப்பா மானிட்டரோடு சேர்த்து ஓட்டினால் இரண்டு மூன்று சீலிங் ஃபேன் ஓடுகிற கரண்ட் இழுக்கும், இன்றைய இணையப் பக்கங்களைத் திறக்கத் திணறும். இதைக் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்குக் கரண்ட் பில்தான் மிச்சம். மீதி ஆறில் நான்கு கோர் 2 டியோ, இரண்டு ஐ3. இவற்றைக் கலந்து ஐந்து நல்ல மெஷின் தேற்றலாம் என்றார். ஒன்றின் ராம் என்ற நினைவகத்தைக் கழற்றி மற்றவற்றில் போட்டு ஒவ்வொன்றையும் 4 ஜிபி ஆக்கினார். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் புது எஸ்எஸ்டி. மெஷினின் வேகம் மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு பாகத்தால்தான். விண்டோஸ் திறப்பதற்குள் பிள்ளைகள் பாதி வகுப்பை இழந்த அதே மெஷின், பட்டனை அழுத்தி அரை நிமிடத்தில் வந்து நின்றது. எல்சிடி மானிட்டர்களில் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் மூன்றின் தலை வீங்கியிருந்தது. அந்தப் பெண் மாற்றிக் கொடுத்தாள். பாகத்தின் விலை 60 ரூபாய். பழைய எல்சிடி மானிட்டரின் திரைக்குப் பின்னால் மெல்லிய விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கும், அதனால் தேறாவிட்டாலும் உடைக்கக் கூடாது என்று வேலை செய்துகொண்டே சொன்னாள். ஐந்தாவது மெஷினுக்கு மானிட்டர் இல்லை. வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போனதில் ஒன்றை எடுத்துப் போட்டார்கள்.

ஐந்திலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம் போட்டார். விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கப்போகிறது என்று அப்போதே சொன்னார். அந்தத் தேதி இப்போது தாண்டிவிட்டது. நன்றாக ஓடுகிற எத்தனையோ மெஷின்கள் இதனாலேயே எடைக்குப் போகும். நான் கேட்டுக்கொண்டபடி தமிழ்99 விசைப்பலகையும், பழைய தட்டச்சு முறையும் இரண்டும் வைத்துக் கொடுத்தார். டைப்ரைட்டரில் பழகிய விரலுக்குத் தட்டச்சு முறைதான் கை கொடுக்கும், புதிதாகக் கற்கிற பிள்ளைக்குத் தமிழ்99 எளிது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த என் கோப்புகள், அந்த எழுத்துருவைப் போட்டதும் லிப்ரே ஆபீஸில் திறந்தன. ஆனால் பேஜ்மேக்கரில் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கும், அரசின் சிஓஏ கம்ப்யூட்டர் தேர்வுக்கு எம்எஸ் ஆபீஸ் பழக வேண்டிய பிள்ளைகளுக்கும் இந்த ஏற்பாடு ஒத்துவராது. அதை நான் மறைக்க மாட்டேன்.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது. இந்த இடத்தில்தான் கடைக்காரர் மீது எனக்கு மரியாதை கூடியது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் தூக்கிக் கொடுப்பதில்லை. மூன்று கேள்வி கேட்கிறார். ப்ளக்கில் எர்த் இருக்கிறதா? தினமும் யார் போடுவார்கள், யார் அணைப்பார்கள்? கெட்டுப் போனால் யார் எனக்குப் போன் செய்வார்கள்? கருமாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் மாலை நேர டியூஷன் நடத்தும் பிள்ளைகள் மூன்று மெஷின் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் எர்த் கம்பியே இழுக்கவில்லை என்று தெரிந்ததும், அதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று பத்து நாள் நிறுத்தி வைத்தார். எனக்கு அப்போது கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. உலோகப் பெட்டியில் கை வைக்கிற பிள்ளைக்கு ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது? நான்காவது மெஷின் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு வைக்கப் போனது. ஐந்தாவது, வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு. இவளும் என்னிடம் லோயர் படித்தவள்தான். எல்லோரிடமும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஓடாமல் போனால் எடைக்குப் போடக் கூடாது, இங்கேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

தேறாதது எங்கே போகிறது என்று கேட்காமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். கேட்டேன். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, அதாவது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளவை, மறுசுழற்சி செய்கிறவர்களும் பழுது நீக்கி மறுபடி விற்கிறவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கின்றன. பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனங்களுக்கும், அதன் ஆயுள் முடிந்தபின் மறுசுழற்சிக்கு வழி செய்யும் பொறுப்பு அதே விதிகளில் உண்டு. கடைக்காரர் தன் பதிவுத் தாளை எடுத்துக் காட்டினார். போர்டு, குழாய், பிளாஸ்டிக் எல்லாம் சென்னைப் பக்கம் உள்ள ஒரு பதிவு பெற்ற ஆலைக்குப் போகிறது. அந்த ஆலையின் பெயரை வாரியத்தின் பட்டியலோடு நானே ஒத்துப் பார்த்துக்கொண்டேன். என் மானிட்டர்களின் பின்பக்கம் குப்பைத்தொட்டி மேல் பெருக்கல் குறி போட்ட ஒரு சின்னப் படம் இருந்தது. வருடக்கணக்கில் தூசி துடைத்திருக்கிறேன், அது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குப்பையில் போடாதே என்று அதிலேயே எழுதித்தான் விற்றிருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்று ஐ.நா.வின் 2024 அறிக்கை சொல்கிறது. என் சென்டரிலிருந்து மட்டும் 300 கிலோவுக்கு மேல் போனது. மீதிச் சதவீதம் எப்படி உண்டாகிறது என்று வேப்பமரத்தடியில் பார்த்துவிட்டேன்.

போர்டுகளில் தங்கமுலாம் பூசிய முனைகள் இருக்கும் என்பதால் அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கும் வீடியோக்களைச் சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிடைப்பது துளி, அந்த அமிலம் போய்ச் சேருவது நம் சாக்கடையிலும் கிணற்றிலும்.

சரி, கணக்கு. ராம், புராசஸர், போர்டு எல்லாம் சேர்த்து எனக்கு 2,650 ரூபாய் கொடுத்தார். டப்பா மானிட்டர் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 700 ரூபாய் என்னிடம் வாங்கினார். அதில் விற்கக்கூடியது எதுவும் இல்லை, லாரிக் கூலியும் ஆலைக் கட்டணமும் உண்டு. கண்ணாடி வாளிக்கு ஒன்றும் வாங்கவில்லை. எஸ்எஸ்டி ஐந்தும், ஒன்று 1,350 வீதம், 6,750 ரூபாய்; இது என் விருப்பத்தில் வாங்கிக் கொடுத்தது. குட்டியானை வாடகை 1,400. ஆக, என் கையிலிருந்து 6,200 ரூபாய் போனது. அந்த வண்டிக்காரரிடம் கொடுத்திருந்தால் 3,200 ரூபாய் கைக்கு வந்திருக்கும். என் கணவர் இதை இரண்டு முறை கேட்டார். இட்லிக் கடை அம்மாவின் ஆதார் அட்டை திரையில் வந்து நின்றதைச் சொன்னேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியை இவர் எடுப்பதில்லை. அதைப் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள் என்றார். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் பழக்கம் ஈய பேட்டரிக்கு ரொம்ப நாளாகவே இருப்பதால் அந்த வழி சுலபமாக இருந்தது. யூபிஎஸ்ஸுக்குள் இருந்த சின்ன பேட்டரிகளையும் அங்கேயே கொடுத்தேன். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு எடை போடுகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. கடை முதல் மாடியில், படி குறுகல். ஒவ்வொரு மானிட்டரும் பதினைந்து கிலோ, என் வயதில் நான் தூக்க முடியாது, டிரைவருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து எடுப்பதில்லை. போன் எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ராத்திரிதான் பதில் வரும். லேசர் பிரிண்டரின் டோனர் டப்பாவை வாங்க மறுத்துவிட்டார், அது இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆலைக்குப் போனதற்கான ரசீது ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது, ஏனென்றால் ஒரு லாரி லோடு சேர்ந்தால்தான் அனுப்புவார். நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது. எனக்கு உண்மையிலேயே மனது பொறுக்காதது ஒன்று: டப்பா மானிட்டர்களை மொட்டைமாடியில் திறந்தவெளியில் அடுக்கி வைத்திருந்தார். மழையில் நனைந்து, ஒன்று சரிந்து உடைந்தால், நான் வாளியில் பொறுக்கியதற்கு என்ன அர்த்தம்? அங்கேயே சொன்னேன். "நீங்க சொல்றது சரிதான் டீச்சர், எடம் இல்ல" என்றார். அடுத்த முறை போனபோது தகரக் கொட்டகை போட்டு, கீழே பலகை அடித்து, இரண்டு அடுக்குக்கு மேல் வைக்காமல் இருந்தார்.

நான் இருந்த இரண்டு நாளில் வந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பையன், பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைக் கொண்டு வந்தான். பேட்டரி வீங்கி, டச்பேடு மேலே தூக்கியிருந்தது. லித்தியம் பேட்டரி வீங்கினால் அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அந்தப் பெண் மெதுவாகக் கழற்றி, மணல் வாளியில் தனியாக வைத்தாள். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடும்படி செய்து கொடுத்தார்கள், தங்கை படிக்கப் போதும் என்று வாங்கிப் போனான். இன்னொருவர் 2006-இல் ஆரம்பித்த இலவச கலர் டிவித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நம் பக்கத்துக் கிராமங்களில் பரண்மேல் இப்படி எத்தனை இருக்கும்! அதுவும் என் மானிட்டரில் இருந்த அதே குழாய்தான். 100 ரூபாய் கேட்டால் அவர் திரும்பக் கொண்டுபோய்விடுவார் என்று, அவரிடம் மட்டும் வாங்கவில்லை. அந்த நூறு ரூபாயை நான் கொடுக்கிறேன் என்றேன், மறுத்துவிட்டார்.

நவம்பர் முதல் வாரத்தில் டியூஷன் நடத்தும் பிள்ளைகள் எனக்குப் போன் செய்தார்கள். மூன்றில் ஒன்று இடி மின்னல் அன்றைக்கு நின்றுபோனது என்றார்கள். பக்கத்தில் ஒரு இரும்புக் கடைக்காரர் 400 ரூபாய் தருவதாகச் சொன்னாராம். கொடுக்கவில்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். சிபியூவுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. ஆறிலிருந்து ஐந்து தேற்றியபோது மிஞ்சிய என் ஆறாவது சிபியூவின் எஸ்எம்பிஎஸ் அங்கே இருந்தது, அதை எடுத்து மாட்டி அன்றைக்கே அனுப்பிவிட்டார்.